குற்றாலம் போகிற வழியில் ஒரு லெஃப்ட் டர்ன்... சங்கரன்கோவிலில் நாலு மணி நேரம்!

ராஜபாளையத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் போனால் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. மலையை ஒட்டியே போகும் தேசிய நெடுஞ்சாலை 744. குற்றாலம் போகிற வண்டிகள் எல்லாம் யோசிக்காமல் திரும்புவது இந்தப் பக்கம்தான். இடது பக்கம் போனால் கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில், அப்படியே திருநெல்வேலி.

அதனால் குற்றாலத்துக்கு வருஷா வருஷம் போகிறவர்களில்கூட பலருக்கு சங்கரன்கோவில் என்பது சாலையோரத்தில் பார்த்த ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான். நெடுஞ்சாலையிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊர். ஆனால், 'இன்னொரு தடவை பார்த்துக்கலாம்' என்று எப்போதும் தள்ளிப்போகிற ஊர்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. இந்த ஆடியில் ஒரு சனிக்கிழமை, மதுரையிலிருந்து விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். காரில் அப்பா, அம்மா, ஆச்சி, எட்டு வயது அண்ணன் மகன், நான். ராஜபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது என் போனில் அந்தச் செய்தி வந்தது. மலையில் நல்ல மழை, அருவிகளில் குளிக்கத் தடை. சீசன் நேரத்தில் டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து எத்தனையோ முறை நானே டைப் செய்த தலைப்பு அது. இந்த முறை அந்தப் பக்கம் நின்று படித்தேன்.

"தண்ணி குறைஞ்சா மதியத்துக்கு மேல விடுவாங்க. அதுவரைக்கும் என்ன பண்றது?" என்றார் அப்பா.

பின் சீட்டிலிருந்து ஆச்சி சொன்னார். "கோமதி கூப்பிடுதா. வண்டியத் திருப்புய்யா."

## ஒரு கோயில், மூன்று சந்நிதி

ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் சுமார் 30 கிலோமீட்டர். வழியில் கரிவலம்வந்தநல்லூரில் பால்வண்ணநாதர் கோயில் கோபுரம் கண்ணில் படும். அதற்குப் பிறகு பசுமை குறைந்து, பருத்தியும் சோளமும் விளைகிற வானம்பார்த்த பூமி ஆரம்பிக்கும். மேற்கே மலை முழுக்கக் கறுத்த மேகம். இங்கேயோ சுள்ளென்று வெயில். மழை மலையோடு நின்றுவிட, காற்று மட்டும் வந்து முகத்தில் அடிக்கிறது. தென்காசி மாவட்டத்தின் விசித்திரம் இது.

ஊருக்குள் நுழைந்ததும் ஒன்பது நிலை ராஜகோபுரம் தெரியும். அரசுப் பதிவுகளில் முன்பு இந்த ஊருக்கு 'சங்கரநயினார்கோவில்' என்று பெயர். கோயிலைக் கட்டியவர் உக்கிரபாண்டியர் என்பது தலவரலாறு. கோயில் இருந்ததால் உருவான ஊர், பெயரிலும் கோயிலையே வைத்துக்கொண்டுவிட்டது.

உள்ளே முக்கியமாக மூன்று சந்நிதிகள். ஒருபுறம் சங்கரலிங்கம், மறுபுறம் கோமதி அம்மன், இருவருக்கும் நடுவில் சங்கரநாராயணர். வலது பாதி சிவன்: சடைமுடி, பிறை, மழு, ருத்திராட்சம், புலித்தோல். இடது பாதி பெருமாள்: கிரீடம், சங்கு, துளசி மாலை, பீதாம்பரம். ஒரே உடம்பில் இருவர்.

கதை இதுதான். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சங்கன் சிவபக்தன். பதுமன் விஷ்ணு பக்தன். 'என் சாமிதான் பெரியவர்' என்று இருவருக்கும் ஓயாத சண்டை. தீர்ப்புக் கேட்டு அம்பிகையிடம் போகிறார்கள். அம்பிகை யார் பக்கமும் பேசவில்லை. புன்னை வனமாக இருந்த இந்த இடத்துக்கு வந்து, இருவரையும் ஒரே உருவமாகக் காட்டும்படி இறைவனை நோக்கி ஒற்றைக்காலில் தவம் இருக்கிறாள். ஆடி மாதப் பௌர்ணமியில், உத்திராட நட்சத்திரத்தில், சங்கரநாராயணராகக் காட்சி கிடைக்கிறது.

அண்ணன் மகன் சந்நிதியில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பெரியாச்சி, இதுல எந்தப் பக்கம் ஸ்ட்ராங்?" என்றான்.

"இதே கேள்வியத்தாம்ல அந்த ரெண்டு பாம்பும் கேட்டுச்சு" என்றார் ஆச்சி. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

இந்த உருவம் இந்த ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. கர்நாடகாவில் ஹரிஹர் என்ற ஊரின் பெயரே இதிலிருந்து வந்ததுதான். கடல் தாண்டி கம்போடியாவில் 7-ம் நூற்றாண்டிலேயே ஹரிஹரர் சிலைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கோருக்கு முன்பு 9-ம் நூற்றாண்டில் அந்நாட்டு அரசர்களுக்குத் தலைநகராக இருந்த ஊரின் பெயர் ஹரிஹராலயா. அங்கே அது இப்போது தொல்லியல் சின்னம். இங்கே காலை எட்டு மணிக்கு தேங்காய்ப் பழத்தட்டோடு வரிசை நிற்கிறது. அதுதான் வித்தியாசம்.

இந்தப் பக்கத்து வீடுகளின் ரேஷன் கார்டுகளை எடுத்துப் பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். சங்கரன், நாராயணன், சங்கரநாராயணன், கோமதி, கோமதிநாயகம், ஆவுடையப்பன், ஆவுடையம்மாள்... அம்மனுக்கு ஆவுடையம்மாள் என்றும் பெயர் உண்டு. அம்பிகையோடு தவம் செய்யத் தேவமகளிர் பசுக்களாக வந்தார்கள் என்பதால் வந்த பெயர் அது. தமிழ்நாட்டின் எந்த மூலையிலாவது ஒரு கோமதிநாயகத்தைச் சந்தித்தால், "உங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆமாம் என்பார்.

## அம்மனின் கால்வலி

நாங்கள் போனது ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்த நேரம். 12 நாள் திருவிழா இது. 11-ம் நாள்தான் தபசுக் காட்சி. அன்றைக்கு அம்மன் தபசு மண்டபத்தில் எழுந்தருள்வாள். மாலையில் சங்கரநாராயணராகவும், இரவில் சங்கரலிங்கமாகவும் சுவாமி அவளுக்குக் காட்சி கொடுப்பார். அந்த நேரத்தில் சுற்றுவட்டார விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்த பருத்தி, வத்தல், நெல் என்று கொண்டுவந்து சப்பரத்தின் மீது வீசுவார்கள். தென்காசி மாவட்டத்துக்கே அன்று உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம்.

ஆனால், திருவிழாவுக்குக் கொடி ஏறியதிலிருந்தே கோயிலில் இன்னொன்று நடந்துகொண்டிருக்கும். அதன் பெயர் ஆடிச்சுற்று. கோயிலை 101 முறை, 501 முறை, 1001 முறை என்று வேண்டிக்கொண்டு சுற்றி வருவார்கள். ஒரே நாளில் முடியாதவர்கள் நாள் கணக்கில் பிரித்துச் சுற்றுவார்கள். கையில் எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டையோ, பேப்பரில் போட்ட கோடோ இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேகமாகப் போகிறார்கள். இடுப்பில் குழந்தையோடு அம்மாக்கள் நிதானமாகப் போகிறார்கள். யாரும் யாரையும் முந்துவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

எதற்காக இத்தனை சுற்று? இதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்கிற காரணம், நான் இதுவரை எந்தக் கோயிலிலும் கேட்காதது. ஆச்சியின் வார்த்தையிலேயே சொல்கிறேன்.

"அம்மன் ஒத்தக் கால்ல நிக்கா. அவளுக்குக் கால் வலிக்கும்லா? நம்ம சுத்தச் சுத்த, அந்த வலியில கொஞ்சத்த நம்ம வாங்கிக்கிடுதோம். அதான்."

சாமியிடம் ஏதாவது கேட்டு வாங்கப் போவதுதான் நமக்குப் பழக்கம். இங்கே சாமியின் வலியை வாங்கிக்கொள்ளப் போகிறார்கள்.

ஆச்சிக்கு இப்போது எழுபத்தாறு வயது. பிறந்தது சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணத்துக்கு முன்பு ஒவ்வொரு ஆடிக்கும் தங்கச்சியோடு 101 சுற்று சுற்றியவர். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோனதில் கடைசி மூன்று வருஷமாக வீட்டு மாடிப்படிகூட ஏறுவதில்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. அப்பா கெஞ்சிப் பார்த்தார், கோபப்பட்டும் பார்த்தார். "இந்த வயசுல கால வெட்டி ஒட்டணுமாக்கும்" என்று ஆச்சி மறுத்துவிட்டார். அந்தப் பேச்சு வந்தாலே வீட்டில் இரண்டு பேரும் இரண்டு நாள் பேசிக்கொள்ள மாட்டார்கள். அன்று காரிலும் திருமங்கலத்தில் ஆரம்பித்தது, திருவில்லிபுத்தூர் வரை ஓடியது.

"ஒரே ஒரு சுத்து. பேரப்புள்ள கையப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்திடுதேன்" என்றார் ஆச்சி. அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால், அதற்குள் ஆச்சி நடக்க ஆரம்பித்துவிட்டார். நானும் அண்ணன் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். பின்னாலேயே அப்பா, தண்ணீர் பாட்டிலோடு.

மற்றவர்கள் ஐந்து சுற்று முடிக்கிற நேரம் எங்களுக்கு அந்த ஒரு சுற்றுக்கு ஆனது. நான்கு இடத்தில் நின்றோம். ஒரு இடத்தில் யாரோ ஒரு அம்மா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கொடுத்தார். முடித்து வந்து உட்கார்ந்ததும் ஆச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்தபடி, சுற்றுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்.

"மூணு மாசத்துல நடக்கலாம்னு அந்த டாக்டர் சொன்னாருல்லா? தீவாளி கழிச்சு வச்சுக்கிடுவோம். அடுத்த ஆடிக்கு நூத்தியொண்ணு பாக்கி இருக்கு."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தார். ஒரு வருஷத்து வாக்குவாதத்தில் அன்று யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது.

## புற்று மண்ணும் வெள்ளிப் பாம்பும்

இந்தக் கோயிலின் முக்கியப் பிரசாதம் புற்று மண். நெற்றியில் பூசிக்கொள்வார்கள். நோய் இருக்கிற இடத்தில் தடவிக்கொள்வார்கள். வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்துப்போவார்கள். வீட்டில் பாம்பு, தேள், பூச்சித் தொல்லை என்றால், தகட்டில் செய்த பாம்பு, தேள் உருவங்களை வாங்கி உண்டியலில் போடுவது இங்கே காலங்காலமாக நடக்கிறது. வயல்காட்டில் இருட்டில் நடக்க வேண்டிய மக்கள், பாம்பை அடித்து ஒழிக்கக் கேட்காமல், 'நீ உன் வழியில் போ, நான் என் வழியில் போறேன்' என்று ஒப்பந்தம் போடுவது மாதிரி எனக்குத் தோன்றியது. நாகசுனை என்ற தீர்த்தமும் உள்ளே இருக்கிறது. சங்கனும் பதுமனும் சேர்ந்து உண்டாக்கியது என்பது நம்பிக்கை. சண்டை போட்டவர்கள் சேர்ந்து குளம் வெட்டியிருக்கிறார்கள்!

அம்மன் சந்நிதிக்கு முன்னால் ஸ்ரீசக்கரம் பதித்த பள்ளம் ஒன்று உண்டு. திருவாவடுதுறை ஆதீனத்தின் வேலப்ப தேசிகர் அமைத்தது என்பார்கள். மனச் சஞ்சலம் தீர அதில் உட்கார்ந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

## பூலித்தேவர் எங்கே போனார்?

கோயிலுக்குள் வரலாற்று ஆர்வலர்கள் தேடிப் போகிற ஓர் இடமும் உண்டு. நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் பெயரில் இருக்கிற அறை. 1857 சிப்பாய்ப் புரட்சிக்கு 100 வருஷத்துக்கு முன்பே ஆங்கிலேயருக்குக் கப்பம் கட்ட மறுத்து நின்றவர் பூலித்தேவர். 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு வந்தும் நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார்.

பூலித்தேவரின் முடிவு பற்றி இந்த வட்டாரத்தில் சொல்லும் கதை ஒன்றுண்டு. கைதியாக அழைத்துச் செல்லப்படும் வழியில், சங்கரன்கோவிலில் சாமி கும்பிட அனுமதி கேட்டார். உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. கைவிலங்குகள் அறுந்து விழுந்தன, ஜோதியில் கலந்துவிட்டார் என்கிறார்கள். நடந்தது 1767 என்று சொல்லப்படுகிறது. சிறையிலும் தூக்கிலும் முடிந்த எத்தனையோ போராளிகளின் கதைகளுக்கு நடுவே, தங்கள் தலைவரை எதிரியிடம் கொடுக்காமல் சாமியிடம் ஒப்படைத்துவிட்டார்கள் இந்த ஊர் மக்கள்.

நெற்கட்டும்செவலில் அவருக்குத் தமிழக அரசு நினைவு மாளிகை எழுப்பியிருக்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து காரில் சீக்கிரம் போய்விடலாம். செப்டம்பர் 1 அவருடைய பிறந்தநாள் விழா.

## இட்லி டீமும் பிரியாணி டீமும்

பத்தரை மணிக்கு மேல் பசி. இங்கேதான் வண்டி இரண்டாகப் பிரிந்தது. அம்மாவும் ஆச்சியும் ஆடி மாதத்தில் கவிச்சி தொட மாட்டார்கள். அண்ணன் மகனோ வந்த வழியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது சங்கரன்கோவில் பிரியாணியை. சுல்தான் பிரியாணி என்ற பெயரை திருநெல்வேலி, விருதுநகர் மாவட்டங்களில் சொன்னால் தெரியாதவர்கள் குறைவு. ஆட்டுக்கறிப் பிரியாணிக்காகவே வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கோயில் பக்கத்து ஹோட்டலில் இட்லி, வடை ஒரு டீம். பிரியாணிக்கு ஒரு டீம். அரை மணி நேரத்தில் இரண்டு டீமும் திருப்தியோடு காருக்குத் திரும்பின. "பாதி பாதி" என்றான் அண்ணன் மகன். அவனுக்குக் கதை நன்றாகவே புரிந்திருந்தது.

## தறிச் சத்தமும் மல்லி வாசமும்

கோயில் தெருவை விட்டுக் கொஞ்சம் உள்ளே நடந்தால் ஊரின் இன்னொரு முகம் காதில் விழும். 'டக்கடக்கடக்க' என்று இடைவிடாத விசைத்தறிச் சத்தம். சங்கரன்கோவிலும் புளியங்குடியும் சுற்றியுள்ள ஊர்களும் இந்தத் தறிகளை நம்பித்தான் இருக்கின்றன. பருத்திச் சேலைகள் இங்கே நெய்யப்பட்டு வெளியூர் மார்க்கெட்டுகளுக்குப் போகின்றன. நாம் ஏதோ ஒரு ஊர் ஜவுளிக்கடையில் வாங்கின காட்டன் சேலை இந்தத் தெருவில் நெய்ததாக இருக்கலாம். சேலையில் ஊர்ப் பெயர் இருக்காது.

ஒரு தறிக்கூடத்தின் வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். பாவு நூல்களுக்கு நடுவே நாடா பாய்ந்து பாய்ந்து ஓடுகிறது. ஒரு நூல் அறுந்தாலும் ஓடிப்போய் நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். கரன்ட் போனால் வேலை நிற்கும். கூலி ஒப்பந்தம் முடிந்தாலும் நிற்கும். கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நிறுத்தப்படுகிற செய்தி சில வருஷங்களுக்கு ஒருமுறை இந்த ஊரிலிருந்து வருவது வழக்கம். அந்தச் செய்திகளை டெஸ்க்கில் நாலு வரியில் முடித்துவிடுவோம். அந்த நாலு வரிக்குப் பின்னால் இவ்வளவு சத்தம் இருக்கும் என்பதும், அது நின்றால் ஒரு தெருவே எப்படி அமைதியாகிவிடும் என்பதும் இங்கே நின்றால்தான் தெரிகிறது.

இன்னொரு அடையாளம் பூ மார்க்கெட். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து மல்லி, பிச்சி, கேந்தி, சம்பங்கி எல்லாம் விடிகாலையிலேயே மூட்டையாக வந்து இறங்கும். கேரளாவுக்கும் போகும். பனி விழுகிற மார்கழி, தை மாதங்களில் விளைச்சல் குறைந்து மல்லி விலை எகிறுவதும், வெயில் காலத்தில் பூ குவிந்து விலை விழுவதும் இங்கே வருஷா வருஷம் நடக்கிற கதை. விலை ஏறும்போது பறிக்கப் பூ இல்லை. பூ இருக்கும்போது விலை இல்லை. அம்மா இரண்டு முழம் பிச்சிப்பூ வாங்கினார். காரில் அன்று முழுக்க அந்த வாசம்தான்.

## இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தால்...

- பாண்டிய நாட்டுப் பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. சங்கரன்கோவில் (நிலம்), கரிவலம்வந்தநல்லூர் (நெருப்பு), தாருகாபுரம் (நீர்), தென்மலை (காற்று), தேவதானம் (ஆகாயம்). சிவராத்திரியன்று ஐந்தையும் ஒரே நாளில் தரிசிக்கிறவர்கள் உண்டு.
- கோவில்பட்டி சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் கழுகுமலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் கலைப்படைப்பான வெட்டுவான் கோயிலும், சமணர் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன. இதற்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள்.
- எலுமிச்சைக்குப் பெயர்போன புளியங்குடி, குற்றாலம் போகிற வழியிலேயே வரும். ஊறுகாய்க்கு ஒரு பை வாங்கிக்கொள்ளலாம்.

## போகிறவர்கள் கவனத்துக்கு

எப்படிப் போவது? மதுரையிலிருந்து வந்தால் ராஜபாளையம் தாண்டி இடது பக்கம் திரும்புங்கள். சங்கரன்கோவில் பார்த்த பிறகு திரும்பி வர வேண்டாம். புளியங்குடி வழியாகப் போனால் மறுபடியும் தேசிய நெடுஞ்சாலையில் ஏறி, கடையநல்லூர், தென்காசி வழியாகக் குற்றாலம் போய்விடலாம். ரயில் என்றால், சென்னை எழும்பூரிலிருந்து செங்கோட்டை போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவிலில் நிற்கும். திருநெல்வேலி, ராஜபாளையம், தென்காசி, கோவில்பட்டியிலிருந்து பஸ் வசதி உண்டு.

எப்போது போவது? காலையிலேயே போய்விடுங்கள். மதியம் கோயில் நடை சாத்தப்படும். ஆடித்தபசுக் காட்சி நாளில் ஊருக்குள் கார் நுழைவது கஷ்டம். அந்தக் கூட்டத்தைப் பார்ப்பதற்காகவே போகிறவர்கள் ரயிலில் போவது நல்லது. கூட்டம் வேண்டாம், ஆடிச்சுற்றைப் பார்க்க வேண்டும் என்றால், கொடி ஏறிய முதல் சில நாட்களில் போங்கள்.

பெரியவர்களோடு போகிறீர்களா? பெரிய கோயில், நிறைய நடக்க வேண்டியிருக்கும். வெயில் ஏறினால் கல்தரை சுடும். தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம். அவர்கள் ஒரு சுற்று சுற்ற வேண்டும் என்று சொன்னால், நேரமாகிறது என்று தடுக்காதீர்கள். கூடவே நடங்கள்.

நாங்கள் கிளம்பும்போது மணி பன்னிரண்டு. புளியங்குடி தாண்டும்போது மலையிலிருந்து சாரல் கண்ணாடியில் விழ ஆரம்பித்தது. ஐந்தருவியில் குளிக்க அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று போனில் அடுத்த செய்தி வந்தது. அண்ணன் மகன் பின் சீட்டில் துண்டைத் தேட ஆரம்பித்திருந்தான்.